மார்கழிக் குளிரும் விடுதிச் சாப்பாடும்



ஓசூரில் குளிர் தொடங்கினாலே ஒரு பேச்சும் கூடவே தொடங்கிவிடும். "இந்தக் குளிருக்குச் சோறு எங்கே கெடப்போகுது?" என்பார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றியும், 2021-ல் மார்கழி பிறக்கும் நேரத்தில் நம் நெடுஞ்சாலையின் மறுமுனையில் நடந்ததைப் பற்றியும் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டத்தின் கதை. சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் நாடு முழுமைக்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. இரண்டின் பெயரையும் கவனியுங்கள். சமையலறைச் சுகாதாரம் பற்றியும் 1954 சட்டத்தில் விதி உண்டு. ஆனால் மக்கள் மனதில் பதிந்தது 'கலப்படம்' என்ற சொல்தான். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்றால் நமக்குக் கோபம் வரும். நல்ல அரிசியும் நல்ல பருப்பும் அழுக்கான சமையலறையில் நோயாக மாறும் என்பது அவ்வளவாக உறைக்கவில்லை. 2006-ல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரில்தான் 'உணவுப் பாதுகாப்பு' இடம்பிடித்தது.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 15. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் சுருண்டு விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் எந்தத் தோழி எங்கே இருக்கிறாள் என்று மற்றவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் வதந்தி புகுந்தது. சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் ஊர் வழியாகப் போகும் அதே சாலைதான்.

அதிகாரிகள் சமையலறையைப் பார்த்தபோது எலிகள் இருந்தன. கழிவுநீர் வடிகால் சரியில்லை. சமையலறை மூடப்பட்டது. ஆலையும் நின்றது. விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை மறுபடி திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை அரசு திறந்து வைத்தது. சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இதில் ஓசூருக்கு என்ன பாடம்? 1971-ல் சிப்காட் நிறுவனம் உருவாகி, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே நம் ஊரில் தொழிற்பேட்டை வந்தது. அன்று வேலைக்கு வந்தவர்களில் பலர் குடும்பத்தோடு வாடகை வீடு பிடித்தார்கள். வீட்டில் கிண்டிய களியும் கேரியர் சாப்பாடும்தான். கெட்டுப்போனால் ஒரு வீட்டுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு. இன்று வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் விடுதிகளில் இருக்கிறார்கள். ஒரே அடுப்பில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமையல். அங்கே ஓர் அண்டா கெட்டால் ஒரு விடுதியே படுத்துவிடும்.

இப்போது குளிர் விஷயத்துக்கு வருகிறேன். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. ஓசூரின் டிசம்பர் இரவுகூட இந்த எல்லைக்குள்தான். மேலும் வெளியே குளிர்ந்தாலும் அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் வித்து கொதியிலும் சாகாது. அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அதனால்தான் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கும் புத்தாண்டு விருந்துக்கும் ஐயப்ப பூஜை அன்னதானத்துக்கும் இதே கணக்குதான்.

விடுதி நடத்தும் அன்பர்களே, இரவு மிஞ்சியதைக் காலையில் பரிமாறாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ள சமையல்காரருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். சம்பளம் பிடித்தால் அவர் நோயை மறைத்துக்கொண்டுதான் வருவார். எந்தப் பிள்ளைக்காவது உடம்பு சரியில்லை என்றால் எந்த மருத்துவமனை, எப்படி இருக்கிறாள் என்று மற்றவர்களுக்கு உடனே சொல்லுங்கள்.

விடுதியில் இருக்கும் பிள்ளைகளே, சமையலறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 14 இலக்க உரிம எண் எங்கே என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சாப்பிடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு.