அம்மணமும் பள்ளியும்: ஒரே குன்றின் இரு சொற்கள்

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நாம் இழைத்த ஒரு பிழையிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறோம். சொல் வரலாறு பற்றிய வகுப்பொன்றில் ‘அம்மணம்’ என்னும் சொல் வந்தது. மாணவர் நகைத்தனர். நாமும் ‘ஆடையின்மை’ என்று பொருள் கூறிவிட்டு அடுத்த சொல்லுக்கு விரைந்தோம். அன்று கூறாமல் விட்டதை இன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

வடமொழியில் ‘சிரமண’ என்பது முயல்பவரை, தம்மை வருத்தி நோற்பவரைக் குறிக்கும். பாகதத்தில் அது ‘சமண’ என்றாயிற்று. தமிழில் சமணர் எனவும், சொன்முதற் சகரம் கெட்டு அமணர் எனவும் வழங்கிற்று. இத்தகைய சகரக் கேடு தமிழுக்குப் புதிதன்று. ‘சிராவண’ என்னும் மாதப்பெயர் ஆவணியானதும் இவ்வாறே. (‘ஆயிரம்’ என்பதையும் இவ்வரிசையில் வைப்பார் உளர், தூய தமிழ்ச்சொல் என்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தொடரின் நேரம் போதாது.) அமணருள் திகம்பரத் துறவியர் ஆடை நீத்தவர் ஆதலின், அவர்தம் பெயர் அவர்தம் கோலத்துக்கு ஆகி, மகரம் இரட்டித்து ‘அம்மணம்’ ஆயிற்று என்பது மொழியறிஞர் பலர் கொண்ட முடிவு. வகுப்பில் நகைப்புக்கு இடமான சொல்லின் வேரில் முயற்சி என்னும் பொருளே கிடக்கிறது.

திகம்பரர் என்பதற்குத் திசைகளையே ஆடையாக உடையவர் என்பது பொருள். ஆடை ஏன் கூடாது? ஓர் ஆடை இருப்பின் அதனைப் பெற வேண்டும், துவைக்க வேண்டும், காக்க வேண்டும், கிழிந்தால் மற்றொன்று வேண்டும். துவைத்தலில் சிற்றுயிர்கள் மடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறைக்க வேண்டும் என்னும் எண்ணம் எஞ்சியிருக்கும்வரை ‘எனது உடல்’ என்னும் பற்றும் எஞ்சியிருக்கும். இவ்வாறு எண்ணியே அவர்கள் மயிற்பீலியும் நீர்க் கமண்டலமும் தவிரப் பிறவற்றைத் துறந்தனர். துறவி பொறுக்க வேண்டிய இடர்கள் 22 எனச் சமண நூல்கள் எண்ணுகின்றன. குளிர், வெப்பம், பூச்சிக்கடி ஆகியவற்றோடு அம்மணமும் அவற்றுள் ஒன்று. வெயிலும் காற்றும் மேனியில் படுதல் நலமென்று ஆடை களையும் இக்கால மேனாட்டு இயக்கத்தினரோடு இவர்களை ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. இவர்களுக்கு வெயில் இன்பமன்று, பொறுத்தற்குரிய ஒன்று.

திறந்த வெளியில் கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்கும் தியான நிலைக்குக் ‘காயோற்சர்க்கம்’ என்று பெயர். உடலைக் கைவிடுதல் என்பது அதன் பொருள். பாகுபலி ஓராண்டு அவ்வாறு நின்றார் என்றும், அவர் கால்களில் கொடிகள் படர்ந்தன என்றும் கதை கூறும். சிரவணபெளகொளாவில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த 57 அடிச் சிலையைப் பலர் அறிவர். அதற்கு முந்திய பாகுபலி நம் கழுகுமலையில் இருக்கிறார். 8ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் நிறைந்த அப்பாறையில் அவருக்கு இருபுறமும் உடன்பிறந்த மகளிர் இருவர் நிற்கின்றனர். அதே மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் ‘குரத்தியர்’ எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. சமணப் பெண் துறவியர் ஆடை துறப்பதில்லை என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும்.

இனி இரண்டாம் சொல்லுக்கு வருவோம். துறவியர் ஊர் ஊராக நடப்பவர். மழைக்காலத்தில் மட்டும், ஈரமண்ணில் பெருகும் சிற்றுயிர்களை மிதியாதிருக்க, நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவர். அதற்காகவே குன்றுகளின் இயற்கைக் குகைத்தளங்களில் கற்படுக்கைகள் செதுக்கப்பட்டன. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் காடி வெட்டப்பட்டது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள் உள்ளன. மதுரைக்கு அருகே மாங்குளத்தில், கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியன் காலத்தில் அளித்த கொடையை ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். இக்குகைகளில் தங்கிய அனைவரும் ஆடையற்றவர் என்று கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. நாமும் அவ்வாறு கூறவில்லை.

அம்மாங்குளத்தில் அவ்விடத்துக்கு வழங்கிய பெயர்தான் பள்ளி. இரட்டை மெய்யை ஒற்றையாகப் பொறிக்கும் அக்கால வழக்கில் அது ‘பளிய்’ எனக் காணப்படுகிறது. படுக்குமிடம் துறவியர் உறைவிடமாகி, அவர்கள் அங்கே பிறர்க்குக் கற்பித்தமையால் கற்குமிடமும் ஆயிற்று. பள்ளியறை, பள்ளிக்கூடம், இங்கு நம் தெருக்களில் உள்ள பள்ளிவாசல் ஆகிய மூன்றும் அச்சொல்லின் கிளைகளே.

ஆக, ஒரே குன்றிலிருந்து இரு சொற்கள் இறங்கி ஊருக்குள் வந்தன. பள்ளி மதிப்புப் பெற்றது. அமணமோ 7ஆம் நூற்றாண்டுச் சமயப் போராட்டத்தில் எள்ளலுக்குரிய சொல்லாயிற்று. தேவாரம் பாடியோர் அமணரின் கோலத்தைப் பழித்தனர். அவருள் திருநாவுக்கரசர் தாமே முன்பு சமணத் துறவியாய் இருந்தவர் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. வசைக்கும் சொல் வேண்டும், சொல்லும் வசையில் மாறும். மொழியியலார்க்கு இது வியப்பன்று. ஆயினும் பிற மொழியில் இச்சொல் வேறு வழி சென்றதுண்டு. கிரேக்கத்தில் ‘கும்னோஸ்’ என்றால் ஆடையற்ற என்பது பொருள். இளைஞர் ஆடையின்றிப் பயின்ற உடற்பயிற்சிக் களத்தில் மெய்யறிவும் பேசப்பட்டது. அதன் வழிவந்த ‘கிம்னாசியம்’ என்பது இன்று செருமனியில் உயர்நிலைப் பள்ளியின் பெயர். அங்கே மாணவர் எவரும் அச்சொல்லைக் கேட்டு நகைப்பதில்லை.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்றொரு பாறை உண்டு. அதன்மேல் வானம் பார்க்க 24 தீர்த்தங்கரர் ஆடையின்றி அமர்ந்திருக்கின்றனர். அக்குன்றில் சந்திரநந்தி என்பவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடத்தை, ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று குறிக்கிறது. அவர் பெயரின் பின் நிற்கும் பட்டம், நாம் பணியாற்றிய நாளெல்லாம் எமக்கும் வழங்கிய ‘ஆசிரியர்’ என்பதன் பழைய வடிவம். நோன்பு நாள்களின் தொகை எழுத்தால் பொறிக்கப்பட்டிருப்பதால் அது ஐகாரத்தில் தொடங்குகிறது. தொடக்கப் பள்ளியில் நாம் எழுதப் பழக்கும் ‘ஐ’ என்னும் உயிரெழுத்து, தமிழ்க் கல்வெட்டுகளில் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் அதுவும் ஒன்று.