வாக்குரிமையும் கட்சி வேற்றுமையும்

சென்னை மாகாணத்துப் பழைய அரசியலைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "காங்கிரஸ் பிராமணர் கட்சி, ஜஸ்டிஸ் கட்சி பிராமணரல்லாதார் கட்சி" என்று ஒரே மூச்சிற் கூறி முடித்துவிடுவோர் பலர். நம் சங்கத்து அன்பர்களுள்ளும், "அந்நாளில் நம்மவர் அனைவரும் இன்ன கட்சிக்கே வாக்களித்தனர்" என உரைத்து, தம் பாட்டனார் வேறு பக்கம் நின்றார் என்று சொல்லும் உறவினரைக் குலப்பற்றில்லாதவர் என இகழ்வோர் உளர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஜஸ்டிஸ் கட்சி தோன்றிய வரலாறு யாவரும் அறிந்ததே. பிட்டி தியாகராய செட்டியார், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் முதலிய பெருமக்கள் 1916ஆம் ஆண்டில் அதற்கு அடிகோலினர். ஜனத்தொகையில் நூற்றுக்கு மூவரளவே ஆன பிராமணர், உத்தியோகங்களிலும் உயர்தரக் கல்வியிலும் மிகப் பெரும் பங்கு பெற்றிருந்தனர் என்பது அவர்தம் முறையீடு. அதில் உண்மை இருந்தது, மறுத்தற்கில்லை. ஆயின் முறையீடு எவருடையது என்பது ஒன்று. வாக்குரிமை எவர் கையில் இருந்தது என்பது மற்றொன்று.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் முதற்றேர்தல் நடந்தது. நாட்டுப்புறத்தில் ஆண்டுக்குப் பத்து ரூபாய் மதிப்புள்ள நிலமேனும் உடையாரும், நகரங்களில் குறித்த அளவு வரி செலுத்துவோருமே பெரும்பாலும் வாக்காளர் ஆயினர். நாலு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் இவர் தொகை சுமார் 12½ லட்சம். அதாவது, வாக்குரிமை பெற்றாரும் நூற்றுக்கு மூவரே! பெண்டிர்க்கு அத்தேர்தலில் வாக்கு இல்லை. அத்தடை 1921இல்தான் நீங்கிற்று. நிலமற்ற கூலியாளர்க்கும் இடமில்லை. ஆதிதிராவிடரின் பிரதிநிதிகளைச் சர்க்காரே நியமித்தனர். எஞ்சியவர் யாவர்? சொந்தப் பட்டாவுள்ள குடியானவர், மிராசுதார், ஜமீன்தார், வணிகர், வக்கீல்கள். காங்கிரஸோ அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது. வாக்காளருள் ஏறக்குறைய நாலில் ஒருவரே சாவடிக்குச் சென்றனர். தேர்ந்தெடுக்கும் 98 இடங்களுள் 63 ஜஸ்டிஸ் கட்சிக்குக் கிடைத்தன. இவ்வெற்றியைப் 'பிராமணரல்லாதார் அனைவரின் தீர்ப்பு' எனல் எங்ஙனம் பொருந்தும்?

அக்கட்சியை ஆதரித்த பட்டாதார் ஒருவரின் மனநிலையை நினைத்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அவருக்கு நிலமுண்டு, மகன் ஹைஸ்கூலில் படிக்கிறான், தாசில்தார் கச்சேரியில் தம் இனத்தார் ஒருவரையும் காணாமல் மனம் புழுங்குகிறார். வெள்ளையர் நீங்கினால் அதிகாரம் முழுவதும் ஏற்கெனவே கச்சேரியை நிரப்பியிருப்போர்க்கே சேரும் என அஞ்சுகிறார். அவர்க்குச் சர்க்கார் நடுவர். 1921ஆம் ஆண்டு வகுப்புவாரி உத்தரவு அவர் நம்பிக்கைக்குக் கிடைத்த பயன். காங்கிரஸ் அன்பரோ கள்ளுக்கடையையும் அந்நியத் துணியையும் நிலத்தீர்வையையும் முன்வைத்தார். அவர்க்குச் சர்க்கார் நடுவரன்று, எதிர்வழக்காடி.

இவ்விரு மனநிலைகளும் குலத்தின் எல்லையோடு நிற்கவில்லை. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் முதலியோர் காங்கிரஸிலிருந்தபடியே பிராமணரல்லாதார்க்குப் பிரதிநிதித்துவம் கேட்கும் பொருட்டு, 1917இல் சென்னை மாகாணச் சங்கம் கண்டனர். வகுப்புவாரித் தீர்மானத்திற்கு 1925ஆம் ஆண்டுக் காஞ்சிபுரம் மகாநாட்டில் இடமில்லாது போகவே, ஈ. வெ. ராமசாமி நாயக்கர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். மறுபுறம், ஆதிதிராவிடரின் தலைவர் எம். சி. ராஜா, தம் மக்கள்பால் ஜஸ்டிஸ் கட்சிக்குப் பரிவில்லை என மனம் நொந்து 1923இல் அதனின்று விலகினார். இவ்விலகலை நம்மனோர் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

பிறகு 1930ஐ ஒட்டி நெல் முதலிய விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. தீர்வை அவ்வாறு வீழவில்லை. பத்தாண்டுக்கு முன் மகனின் உத்தியோகத்தை எண்ணிய அதே குடியானவர், இப்பொழுது கிஸ்தியை எண்ணினார். மந்திரிகளோ மாதம் ரூபாய் 4,333க்கு மேற் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்தனர்! காங்கிரஸார் தம் மந்திரிகளுக்கு 500 ரூபாய் என்றனர். சொற்பொழிவு நூறு செய்யாததை இவ்விரண்டு எண்கள் செய்திருக்கும்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை விரித்தது. சிறு பட்டாதாரும், சில்லறை வரி கட்டுவோரும், எழுதப் படிக்கத் தெரிந்தோரும் உட்புகுந்தனர். தொகை 60 லட்சத்தை எட்டியது. எழுத்தறியாதாரும் அறிந்து வாக்களிக்கும்படி கட்சிக்கொரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது. "மஞ்சள் பெட்டி" என்ற பெயர் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. 1937இல் கீழ்ச்சபையின் 215 இடங்களுள் காங்கிரஸ் 159ஐப் பெற்றது. ஜஸ்டிஸ் கட்சிக்கு இருபது இடங்கூடத் தேறவில்லை. நூற்றுக்கு மூவரான பிராமணர் மட்டும் மஞ்சள் பெட்டியை நிரப்பியிருத்தல் கணக்கிற்கே ஒவ்வாது. வேளாளரும் நாயுடுமாரும் செட்டிமாரும் கைத்தொழிலாளரும் அப்பெட்டியை நாடியே இருத்தல் வேண்டும். ஒரே வீட்டில் தமையன் ஒரு பெட்டியையும் தம்பி மற்றொன்றையும் நாடியிருத்தலும் இயல்பே.

முதன்மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜா, தம் பொப்பிலித் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். கிரி பிராமணர், தொழிற்சங்கத் தலைவர். அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் பிராமணரல்லாதாரே.