மாஞ்சோலை: காடு யார் கைக்குத் திரும்புகிறது?

1929இல் சிங்கம்பட்டி ஜமீன்தார் தன் மலையில் சுமார் 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். 1919இல் சென்னையில் நியூவிங்டன் பள்ளி முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஜமீன் வாரிசு சிக்கிக்கொண்டதால் ஏறிய கடனுக்குத்தான் மலை கைமாறியது என்று அம்பாசமுத்திரம் பக்கம் கதை உண்டு. ஜமீன் கதையை நம்மாட்களும் ருசித்துச் சொல்வார்கள். பத்திரம் எழுதின பிறகு மலையேறியவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து போனார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும்.

கம்பெனிக்குக் காடு ஒன்றும் புதிதல்ல. 1863இல் தொடங்கி, பர்மாவில் தேக்கு வெட்டிய கம்பெனி அது. மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாக மன்னர் திபாவின் அரசு போட்ட அபராதத்தைச் சாக்கிட்டுத்தான் 1885இல் பிரிட்டிஷ் படை மாண்டலே மேல் போனது. ராஜாவையே நாடு கடத்த வைத்த தகராறு! அந்தக் கம்பெனிக்கு நம் மலையில் காட்டை வெட்டித் தேயிலை போட ஆள் தேவைப்பட்டது. நெல்லைச் சீமையின் பள்ளர், பறையர் குடியிருப்புகளிலிருந்து ஆள் போனது; கேரளத்திலிருந்தும் வந்தார்கள். கீழே பண்ணையார் வயலில் குனிந்த முதுகு மேலே கொழுந்துக்கூடை சுமந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. மேலே ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு தெரு கிடையாது. லைன் வீடு எல்லோருக்கும் ஒரே லைன்தான். அட்டைக்கடியையும் குளிரையும் தாங்கிக்கொண்டு ஜனங்கள் அங்கேயே இருந்ததற்கு இதுவும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்தால் அதே லைனில் இன்னொருவருக்கு வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். 1952இல் ஜமீன் அரசின் கைக்குப் போனது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. சுற்றியுள்ள காடு 1962இல் முண்டந்துறை சரணாலயம், 1976இல் களக்காடு சரணாலயம் என்று ஆகி, 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமானது. இந்த மாற்றம் எதிலும் லைன் வீட்டுக்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2024 ஆடியில் நான் மலையேறினேன். கம்பெனி ஜூனிலேயே வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தது. (யாருடைய விருப்பம் என்று அந்தத் தாளில் இல்லை.) மணிமுத்தாறு அணை, அருவி, வனத்துறைச் சாவடி தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் மாஞ்சோலை, அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அழகான மலைதான், இல்லையென்று சொல்லவில்லை. சோலைக்குள் சிங்கவால் குரங்கு இருக்கிறது, மேகம் ரோட்டில் படுத்துக் கிடக்கிறது. இடுப்பளவில் நிற்கவேண்டிய தேயிலை பறிக்க ஆளில்லாமல் நெஞ்சுக்கு வளர்ந்திருந்தது. ஒரு லைன் வாசலில் பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம், புலிக்காகத்தானே காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

“நாங்க என்ன புலிக்கு விரோதியா தம்பி? எங்க ஆச்சியும் இங்கதான் செத்தா, அம்மையும் இங்கதான் செத்தா. கீழ எனக்கு எந்த ஊருன்னு சொல்லுவிய?”

கீழே இறங்குவது என்றால் வெறும் மூவாயிரம் அடி இறங்குவதல்ல. ஊர், சேரி என்று பிரிந்து கிடக்கும் சமவெளிக்குத் திரும்புவது. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து துவைத்த அதே தென்மாவட்டச் சமவெளி. பெரியம்மா கேட்டதும் அதைத்தான்.

அந்தச் சமவெளி மாஞ்சோலைக்காரர்களை 1999இலேயே எப்படி வரவேற்றது என்று நமக்குத் தெரியும். கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களில் அறுநூறு பேருக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அவர்களை விடுவிக்கக் கேட்டு ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் தடியால் அடித்து ஜனங்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. நீதிபதி மோகன் விசாரணை ஆணையம் போலீஸ்மேல் பழி சொல்லவில்லை. மாஞ்சோலை மலையில் பிறக்கிற மணிமுத்தாறு கலப்பது அந்தத் தாமிரபரணியில்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாதவர் காட்டில் உரிமை கேட்க வேண்டுமானால் 2005 டிசம்பர் 13க்கு முன்பே மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர். குத்தகை 1929. முதல் கூட்டத்தோடு ஏறியவரின் பேத்திக்கு உரிமை வரலாம். இரண்டு வருஷம் கழித்து ஏறியவரின் பேத்திக்கு வராது. முதல் கூட்டத்தில் இருந்ததை நிரூபிக்கவும் கம்பெனியின் பேரேட்டைத்தான் தேட வேண்டும். இதோடு இன்னொரு முடிச்சு: காட்டை நம்பிப் பிழைத்திருக்க வேண்டுமாம். கூலிக்காரர் நம்பியது கூலியை, காட்டை அல்ல என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

காப்பகத்துக்குள் மனிதரே கூடாது என்பது பொதுவான விதி என்று நினைத்துவிடாதீர்கள். இதே காப்பகத்தில், காரையாற்றங்கரையில், சிங்கம்பட்டி ஜமீன் கோயிலான சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். 2020இல் இறந்த ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் உட்கார்ந்து காட்சி கொடுத்தார். 2024இல் அமாவாசை ஆகஸ்ட் 4. மாஞ்சோலைக்காரர்கள் வீட்டைக் காலி செய்யக் கெடுவும் அதே வாரம்தான். வழக்குப் போனதால் தள்ளிப்போனது.

அந்தக் கோயிலில்தான் பட்டவராயன் இருக்கிறார். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்த பிராமணன் முத்துப்பட்டன். இன்றும் அவருக்குச் செருப்புதான் காணிக்கை. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று பின்னால் கதையை மாற்றினார்கள், ந. வானமாமலை அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். கதையில் நம் பிறப்பை மாற்றினார்கள். பத்திரத்திலோ நம் பெயரே ஏறவில்லை.

2024 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொழிலாளர் தரப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தேயிலைத் தோட்டம் மறுபடியும் காடாக வேண்டும் என்பதே முடிவு. காடாகட்டும். தாமிரபரணி வற்றினால் முதலில் காய்வது நம் ஜனங்களின் குடம்தான். அதனால் காட்டுக்கு எதிராக நான் பேசமாட்டேன். காட்டை வெட்டச் சொன்ன கம்பெனி 95 வருஷம் லாபம் பார்த்துவிட்டுப் போகிறது. வெட்டிய கைகளுக்கு மட்டும் ஏன் ஆக்கிரமிப்பாளர் பட்டம்? சோலையை மீட்கும் வேலைக்கு, அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த இந்த ஜனங்களை ஏன் கூப்பிடக் கூடாது?

நாம் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீழே சிதறிப்போன குடும்பங்களைத் தேடி மாணவத் தோழர்கள் போக வேண்டும். முதலில் மலையேறிய ஆச்சி, தாத்தா பெயர், எந்த ஊரிலிருந்து ஏறினார்கள், எந்த லைனில் இருந்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.