ஜப்பானின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு

ஜப்பானில் முதுமையால் தளர்ந்தவர்களுக்கு வீட்டிலும் ஊருக்குள்ளும் கிடைக்கும் பராமரிப்பின் செலவை வரிப்பணத்தையும் சந்தாவையும் கொண்டு ஏற்கும் கட்டாயச் சமூகக் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. ஜப்பானிய மொழியில் இது ‘கைகோ ஹோக்கென்’ எனப்படும். 1997 டிசம்பரில் சட்டமாகி, 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதியோர் இல்லங்களும் இதற்குள் அடங்கும். ஆனாலும் முதியவர் தம் வீட்டிலேயே, பழகிய ஊரிலேயே இருக்கத் துணைசெய்வதே திட்டத்தின் முதல் நோக்கம். வருமானம் எவ்வளவு, கவனிக்கப் பிள்ளைகள் உண்டா என்று பாராமல், ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை மட்டும் கொண்டு சேவையின் அளவை முடிவு செய்வது இதன் அடிப்படை விதி.

பின்னணி

போருக்குப் பிந்தைய ஜப்பானிலும் முதியோரைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமையாகவே இருந்தது. நடைமுறையில் அந்தச் சுமை மூத்த மகனின் மனைவி தலையில் விழுந்தது. 1956இல் நாகானோ மாகாணம் சில ஊர்களில் வீடுகளுக்கு உதவிப் பெண்களை அனுப்பத் தொடங்கியது. 1962இல் மத்திய அரசு இதற்கு நிதி தந்தது. 1963இல் முதியோர் நலச் சட்டம் வந்தது. ஆனால் யாருக்கு உதவி, எந்த உதவி என்பதை நகராட்சி அதிகாரிகளே முடிவு செய்தார்கள். வீட்டு வருமானமும் குடும்ப நிலையும் விசாரிக்கப்பட்டன. உதவி கேட்டுப் போவதே கௌரவக் குறைவு என்று நினைத்தவர்கள் பலர்.

1972இல் வெளிவந்த சவாகோ ஆரியோஷியின் ‘கோகோட்சு நோ ஹிட்டோ’ நாவல், மறதிநோயால் நிலைகுலைந்த மாமனாரை வேலைக்குப் போகும் மருமகள் ஒருத்தி பார்த்துக்கொள்ளும் கதை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற இந்நூல், வீட்டுக்குள் மறைந்திருந்த சிக்கலைப் பொதுப் பேச்சாக்கியது. மறு ஆண்டே 70 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் செலவு இலவசமானது. பராமரிக்க ஆளில்லாத முதியோர், மருத்துவத் தேவை இல்லாமலே மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் வழக்கம் இதனால் பெருகியது. ‘சமூக அனுமதி’ என்று அழைக்கப்பட்ட இந்த வழக்கம் மருத்துவக் காப்பீட்டு நிதியைக் கரைத்தது. 1982இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அரசு இலவச மருத்துவத்தை நிறுத்தியது.

1989 ஏப்ரலில் 3 சதவீத நுகர்வு வரி கொண்டுவரப்பட்டது. வரியால் எழுந்த எதிர்ப்பைத் தணிக்க, அதே ஆண்டு டிசம்பரில் ‘கோல்டு பிளான்’ என்ற பத்தாண்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு லட்சம் வீட்டு உதவியாளர்கள், 10,000 பகல்நேர மையங்கள், குறுகியகாலத் தங்கலுக்கு 50,000 படுக்கைகள் என்பவை அதன் இலக்குகள். தேவை அதையும் மிஞ்சியதால் 1994இல் உதவியாளர் இலக்கு 1,70,000 ஆக உயர்த்தப்பட்டது.

சட்டம் உருவான விதம்

பணம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வியாக இருந்தது. 1994 பிப்ரவரியில் பிரதமர் மொரிஹிரோ ஹோசோகாவா 7 சதவீத ‘மக்கள் நல வரி’யை நள்ளிரவுச் செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்து, எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார். வரியை உயர்த்தும் வழி அடைபட்டதால் காப்பீட்டு யோசனை முன்னுக்கு வந்தது. ஜெர்மனி 1994இல் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது அதற்கு வலு சேர்த்தது. கெய்கோ ஹிகுச்சி தலைமையில் 1983 முதல் இயங்கிவந்த பெண்கள் அமைப்பு, பராமரிப்பைக் குடும்பத்தின் தோளிலிருந்து சமூகத்தின் தோளுக்கு மாற்ற வேண்டும் என்று தொடர்ந்து போராடியது.

குடும்பத்தினருக்குப் பணமாக உதவித்தொகை தரலாமா என்பதில் கடும் விவாதம் நடந்தது. ஜெர்மனியில் சேவைக்குப் பதில் பணம் பெறலாம். அப்படிச் செய்தால் மருமகள்களும் மகள்களும் சிறு தொகைக்காக மீண்டும் வீட்டோடு கட்டிப்போடப்படுவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் வாதிட்டன. அந்த வாதமே வென்றது. ஜப்பானியக் காப்பீடு சேவையாக மட்டுமே கிடைக்கும். சட்டம் நடைமுறைக்கு வரும் தறுவாயில், பெற்றோரைப் பிள்ளைகள் பேணும் மரபு கெட்டுவிடும் என்று ஆளும் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷிசுகா கமேய் எதிர்ப்புத் தெரிவித்தார். திட்டம் குறித்த நாளில் தொடங்கியது. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு முதல் ஆறு மாதச் சந்தா விலக்கப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குப் பாதிச் சந்தா மட்டும் வாங்கப்பட்டது.

நிதியும் நிர்வாகமும்

காப்பீட்டை நடத்துபவை நகரம், சிற்றூர், கிராமம் என்ற உள்ளாட்சி அமைப்புகள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முதல் பிரிவினர். 40 முதல் 64 வயது வரையுள்ள மருத்துவக் காப்பீட்டாளர்கள் இரண்டாம் பிரிவினர். இரண்டாம் பிரிவினர், பக்கவாதம், பார்க்கின்சன், இளவயது மறதிநோய் முதலிய 16 குறிப்பிட்ட நோய்களால் தளர்ந்தால் மட்டுமே சேவை பெறலாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் உரிமையுள்ள வெளிநாட்டவரும் திட்டத்தில் சேர வேண்டும்.

பயனாளர் கட்டணம் போக மீதிச் செலவில் பாதி வரிப்பணம், பாதி சந்தா. வீட்டுச் சேவைகளில் வரிப்பங்காக அந்தச் செலவில் மத்திய அரசு 25 சதவீதமும் மாகாணமும் உள்ளாட்சியும் தலா 12.5 சதவீதமும் தருகின்றன. சந்தாவாக வரும் பாதியில், அதே செலவில் முதியோரின் பங்கு இப்போது 23 சதவீதம்; நடுவயதினர் பங்கு 27 சதவீதம். முதியோர் சந்தா பெரும்பாலும் ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்ளப்படும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் செலவைக் கணக்கிட்டுச் சந்தாவை நிர்ணயிக்கும். சேவையை விரிவாக்கும் ஊரில் சந்தாவும் கூடும் என்பதால் இது உள்ளூர் அரசியலில் எப்போதும் பேசுபொருள். தேசியச் சராசரிச் சந்தா 2000இல் மாதம் 2,911 யென். 2024–2026 காலத்துக்கு 6,225 யென்.

சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பயனாளர் செலுத்த வேண்டும். வருமானம் மிகுந்தவர்களுக்கு இது 2015இல் 20 சதவீதமாகவும், அவர்களிலும் மேல்நிலையில் உள்ளவர்களுக்கு 2018இல் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. ஒரு மாதத்தில் ஒரு குடும்பம் செலுத்தும் பங்குக்கு உச்சவரம்பு உண்டு. பொதுவான நிலையில் அது 44,400 யென்.

தேவையை அளக்கும் முறை

உதவி வேண்டுபவர் உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து 74 அம்சங்களைப் பதிவு செய்வார். படுக்கையில் தானாகப் புரள முடிகிறதா, சட்டையை யார் துணையுமின்றி மாட்டமுடிகிறதா, தம் பிறந்தநாளைச் சொல்கிறாரா, வெளியே போனால் வழி தவறுகிறதா என்பன போன்ற கேள்விகள் அவை. விடைகளைக் கணினி, ஒரு நாளில் தேவைப்படும் பராமரிப்பு நிமிடங்களாக மாற்றுகிறது. 25 நிமிடம் எட்டினால் மிகக் குறைந்த நிலை. 110 நிமிடத்தைத் தொட்டால் மிக உயர்ந்த நிலை. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் போன்றோர் அடங்கிய குழு, கணினி முடிவையும் குடும்ப மருத்துவரின் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து இறுதி நிலையை அறிவிக்கும். முப்பது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. முடிவு சரியில்லை என்று கருதினால் மாகாணக் குழுவிடம் முறையிடலாம்.

‘ஆதரவு தேவை’ 1, 2, ‘பராமரிப்பு தேவை’ 1 முதல் 5 என மொத்தம் ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் மாத உச்சவரம்பு உள்ளது. வீட்டுச் சேவைகளில் மிகக் குறைந்த நிலைக்குச் சுமார் 50,000 யென், ‘பராமரிப்பு தேவை’ 5ஆம் நிலைக்குச் சுமார் 3,62,000 யென் மதிப்புள்ள சேவை வரை காப்பீடு ஏற்கும். டோக்கியோ போன்ற செலவு மிகுந்த நகரங்களில் மதிப்பு சற்றுக் கூடும். வரம்பைத் தாண்டும் தொகை முழுவதும் சொந்தச் செலவு.

இந்த வரம்புக்குள் வாரத்தின் எந்த நாள், எந்த நேரம், எந்தச் சேவை என்று அட்டவணை போட்டுத் தருபவர் கேர் மேனேஜர். சேவை நிறுவனங்களோடு பேசுவதும், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பதும் அவர் வேலை. இதற்குப் பயனாளரிடம் கட்டணம் இல்லை. எந்த நிறுவனத்தின் சேவையைப் பெறுவது என்பது பயனாளரின் விருப்பம். வீட்டுச் சேவையில் லாப நோக்குள்ள நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் அனுமதிக்கப்பட்டது 2000இல் நிகழ்ந்த பெரிய மாற்றங்களில் ஒன்று.

வீட்டிலும் ஊரிலும் கிடைக்கும் சேவைகள்

வீட்டு உதவியாளரின் வேலை இருவகை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது உடல் பராமரிப்பு. சமையல், துணி துவைப்பு, கடைக்குப் போய்வருவது வாழ்க்கை உதவி. வாழ்க்கை உதவிக்கு விதிகள் கறாரானவை. முதியவருக்குச் சோறு சமைக்கலாம். உடனிருக்கும் மகனுக்குச் சேர்த்துச் சமைக்கக் கூடாது. முதியவரின் அறையைப் பெருக்கலாம். தோட்டத்தில் களை பிடுங்கவோ நாயை நடத்திக் கூட்டிப்போகவோ கூடாது. ஒரு வருகை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

குளியல் சேவை ஜப்பானியப் பழக்கத்தை ஒட்டி அமைந்தது. கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்து குளிப்பது அங்கே அன்றாடப் பழக்கம். ஈரத்துணியால் உடல் துடைப்பது அதற்கு ஈடாகாது. எனவே படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்குத் தொட்டியே வண்டியில் வருகிறது. செவிலியரும் இரு உதவியாளர்களும் தொட்டியின் பாகங்களை உள்ளே கொண்டுவந்து கட்டிலருகே பொருத்துவார்கள். இரண்டு தட்டாமிப் பாய் விரிக்கும் அளவு இடம் போதும். செவிலியர் ரத்த அழுத்தமும் காய்ச்சலும் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகே குளியல் தொடங்கும்.

பகல்நேர மையம் மிகப் பரவலான சேவை. காலையில் வேன் வீட்டு வாசலுக்கு வரும். மையத்தில் குளியல், மதிய உணவு, உடற்பயிற்சி, பாட்டு, கைவேலை. மாலையில் மீண்டும் வீடு. முதியவருக்குப் பேச்சுத்துணையும், வீட்டிலிருப்பவருக்குச் சில மணி நேர ஓய்வும் ஒருசேரக் கிடைக்கின்றன. குறுகியகாலத் தங்கல், செவிலியர் வருகை, உடலியக்கப் பயிற்சி, சாயும் கட்டில், சக்கர நாற்காலி வாடகை ஆகியவையும் உண்டு. கைப்பிடி பொருத்துதல், வாசற்படி உயரத்தைக் குறைத்தல், குந்தும் கழிப்பறையை உட்காரும் கழிப்பறையாக மாற்றுதல் போன்ற வேலைகளுக்கு 2,00,000 யென் வரை கணக்கிடப்படும்.

திருத்தங்கள்

2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் உள்ளூர்ச் சேவைகளை விரிவாக்கியது. அவற்றில் ஒன்று சிறிய பல்பணி மையம். அதிகபட்சம் 29 பேர் பதிவு செய்யும் இந்த மையத்தில், மாதத்துக்கு ஒரே கட்டணத்தில் பகலில் வரலாம், இரவு தங்கலாம், அதே பணியாளரை வீட்டுக்கும் அழைக்கலாம். மறதிநோய் உள்ளவர்களுக்குப் பழகிய முகம் மாறாமல் இருப்பது இதன் சிறப்பு. பொதுச் சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், மூத்த கேர் மேனேஜர் மூவரும் அடங்கிய வட்டார ஆதரவு மையங்களும் அப்போதே தோன்றின. 2012இல் இரவும் பகலும் சுற்றிவந்து, அழைத்தாலும் வரும் 24 மணி நேரச் சேவை சேர்ந்தது.

2007இல் நாட்டின் முன்னணி வீட்டுச் சேவை நிறுவனமான கோம்சுன் பொய்த் தகவல் தந்து உரிமம் பெற்றது அம்பலமாகி, அதன் உரிமங்களைப் புதுப்பிக்க அரசு தடை விதித்தது. மறு ஆண்டு நிறுவனங்கள் மீதான கண்காணிப்புச் சட்டம் இறுக்கப்பட்டது. 2015 முதல் செலவைக் கட்டுப்படுத்தும் போக்கு தெளிவானது. பொது முதியோர் இல்லங்களில் இடம் பொதுவாக ‘பராமரிப்பு தேவை’ 3ஆம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளோருக்கு என்றானது. ‘ஆதரவு தேவை’ நிலையினரின் வீட்டு உதவியும் பகல்நேரச் சேவையும் தேசியப் பட்டியலிலிருந்து நீங்கி உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு மாறின.

விளைவுகளும் விமர்சனமும்

2000 ஏப்ரலில் சுமார் 21.8 லட்சம் பேர் தகுதி பெற்றிருந்தனர். இப்போது அந்த எண்ணிக்கை 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆண்டுச் செலவு 3.6 லட்சம் கோடி யென்னிலிருந்து 11 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. வெளியார் உதவி பெறுவதில் இருந்த கூச்சம் பெரிதும் மறைந்தது திட்டத்தின் பெரும் வெற்றி. ஆனால் வீட்டுச் சுமை முற்றிலும் நீங்கவில்லை. பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விடுபவர்கள் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர். மறதிநோய் உள்ள 91 வயதுக்காரர் ஒருவர் 2007இல் தண்டவாளத்தில் இறங்கி ரயிலில் அடிபட்டு இறந்தபோது, ரயில் நிறுவனம் குடும்பத்திடம் இழப்பீடு கேட்டது. குடும்பம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016இல்தான்.

இன்றைய பெரும் சிக்கல் ஆள் பற்றாக்குறை. சேவைக் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் ஊதியமும் அதற்குள் அடங்குகிறது. 2022இல் வீட்டு உதவியாளர் வேலை தேடிய ஒருவருக்கு 15க்கும் மேற்பட்ட காலியிடங்கள் இருந்தன. ஏற்கனவே பணியில் இருப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்கும், கடைசி நேரத்தில் ரத்தாகும் வருகைக்கும் உரிய ஊதியம் கிடைப்பதில்லை என்று மூன்று உதவியாளர்கள் 2019இல் அரசு மீது வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2024இல் மற்றச் சேவைகளின் கட்டணம் உயர்ந்தபோது வீட்டு உதவியின் அடிப்படைக் கட்டணம் குறைக்கப்பட்டது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2040க்குள் 27 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் தேவை என்பது அரசின் மதிப்பீடு.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

தென் கொரியா 2008 ஜூலையில் இதே போன்ற காப்பீட்டைத் தொடங்கியது. அங்கே பயிற்சிச் சான்றிதழ் பெற்ற குடும்பத்தினர் தம் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வரம்புக்குட்பட்ட ஊதியம் பெறலாம். தைவான் 2017இல் விரிவாக்கிய திட்டம் வரிப்பணத்தில் நடக்கிறது. வீட்டோடு தங்கும் வெளிநாட்டுப் பணியாளர்களையே அங்குப் பல குடும்பங்கள் நம்பியுள்ளன. ஜப்பான் இவ்விரண்டு வழிகளையும் தொடக்கத்தில் ஒதுக்கியது. பின்னர் 2008இல் இந்தோனேசியாவிலிருந்து பணியாளர்களை வரவழைக்கத் தொடங்கி, 2019இல் தனி விசா முறை கொண்டுவந்தது. அதற்கான உடன்பாட்டில் இந்தியா 2021 ஜனவரியில் கையெழுத்திட்டது. 2025 ஏப்ரல் முதல் அப்பணியாளர்கள் தனியே வீடுகளுக்குச் செல்லவும் அனுமதி உண்டு. குடும்பத்தினருக்குப் பணமாகத் தருவதில்லை என்ற 1997ஆம் ஆண்டு முடிவு மட்டும் மாறவில்லை.