பதிமூன்று கண் பாலத்தடியில் என் அம்மா



போன மே மாத விடுமுறையில் மகள் குடும்பத்தோடு ஒரு வேன் பிடித்து, ராயகிரியிலிருந்து புனலூர் வரை மலைவழியாகப் போய்வந்தோம். படங்களைப் பார்த்துவிட்டு, "குற்றாலமா சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். குற்றாலம் இல்லை. கோடையில் அங்கே தண்ணீர் ஏது? போனதற்குக் காரணம் வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் மணி அடித்தபிறகு பேசிக்கொண்டே இருப்பவன்தானே நான்!

பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு நான்கு. புளியங்குடியில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கினோம். மலையேறும்போது முகர்ந்துகொண்டே வந்தால் வாந்தி வராது என்பது நம் ஊர் வைத்தியம். பேரனுக்குப் பலித்தது. பேத்தி புளியறை தாண்டி எஸ் வளைவில் வேன் திரும்பியதும் என் வேட்டியிலேயே எடுத்துவிட்டாள். இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது பேரன் கேட்டான், "தாத்தா, கேரளா எங்க ஆரம்பிக்குது?"

"இன்னும் கொஞ்சம் மேலே. ஆனால் உன் பூட்டி காலத்தில் நாம் தாண்டி வந்தோமே செங்கோட்டை, அதற்கும் கிழக்கே ஆரம்பித்தது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம். செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமையாக இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அது கன்னியாகுமரிப் பகுதியோடு சேர்ந்து நம் பக்கம் வந்தது. 1949 வரை அங்கே செலாவணியே வேறு. நம்முடைய ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். என் அம்மா கடைசிவரை சில்லறைக் காசைச் 'சக்கரம்' என்றுதான் சொல்வாள்.

அம்மா முதன்முதலாக அந்த மலையைத் தாண்டியது 1944இல். அப்போது அவளுக்கு எட்டு வயது. தாத்தா கழுதுருட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தார். ராயகிரியில் மானாவாரி பொய்த்த வருஷம் அது. ஆச்சி, அம்மாவையும் பத்துமாதத் தம்பியையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வரை மாட்டுவண்டியில் போய், அங்கே ரயில் ஏறினாள். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற மீட்டர்கேஜ் பாதை ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1904இல் திறந்தது. புனலூர் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை, ஐந்து குகை. ஏற்றத்தில் பின்னாலிருந்தும் ஓர் எஞ்சின் தள்ளும். குகைக்குள் கரிப்புகை பெட்டிக்குள் வந்ததும் ஆச்சி முந்தானையால் தம்பியின் மூக்கை மூடிக்கொண்டாளாம்.

அந்தத் தம்பியின் தொட்டில் சேலைக்குள் இரண்டு படி அரிசி இருந்தது. யுத்தகாலக் கட்டுப்பாடு. அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. திருவிதாங்கூரில் விளைகிற நெல் அந்தச் சீமைக்குப் போதாது, பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு அது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல் நின்றுவிட்டது. மேற்கே கிழங்கைத் தின்று உயிர்பிடித்தார்கள். இதையெல்லாம் நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாடமாக நடத்தினேன். தொட்டில் சேலை அரிசி அதே பாடத்தில் வரும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தோட்டத்து லயன் வீட்டில் மூன்றே மாதத்தில் பிள்ளைக்கு மலைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கல். ஆச்சி கையிலும் இடுப்பிலும் வசம்பு கட்டினாள், ஆரியங்காவு சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டாள். கம்பவுண்டரிடம் ஓடினார்கள். "கொயினா இல்ல. கப்பல்ல வர்ற மருந்து, கப்பல் வரல, சண்டை நடக்கு" என்றாராம் அவர். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது.

அம்மாவுக்கு உடன்பிறந்தான் அவன் ஒருவன்தான். எனக்கு ஒரே தாய்மாமன். எனக்குக் காது குத்தியபோது ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில்தான் உட்காரவைத்தார்கள். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "உன் மாமன் மலையில இருக்கான்" என்று மட்டும் பதில் வந்தது. ஏதோ வேலைக்குப் போயிருக்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

முழுக்கதையும் எனக்குத் தெரிந்தது 1988இல். மகனுக்கு ஆறு, மகளுக்கு மூன்று வயது. சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து வாடகைக் கார் எடுத்து, பாலருவி, குளத்துப்புழை என்று கிளம்பினோம். அம்மா, "சின்னப் பிள்ளைகளுக்கு மலைக்காத்து ஆகாது" என்று இரண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. இது என்ன மூடநம்பிக்கை என்று நான் கோபப்பட்டேன். செகந்திராபாத்தில் 1897லேயே ரொனால்டு ராஸ், கொசுதான் காரணம் என்று கண்டுபிடித்தாயிற்று என்று அவளுக்குப் பாடம் வேறு எடுத்தேன். கேட்டுக்கொண்டாள். காலையில் பார்த்தால் இரண்டு பிள்ளைகள் கையிலும் வசம்பு. அவளும் காரில் உட்கார்ந்திருந்தாள்.

கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதிமூன்று கண் ரயில் பாலம் தெரியும், கருங்கல் கட்டுமானம். அதைக் கண்டதும் "நிறுத்து" என்றாள். இறங்கி, மேலே சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் சொன்னாள். இடம் அடையாளம் தெரியவில்லை, பாலம் மட்டும் தெரிந்தது. திரும்பி வரும் வரை மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. குளத்துப்புழையில் மீனுக்குப் பொரி போடக்கூட விடவில்லை.

2009இல் அம்மா காலமானாள். கம்பவுண்டர் சொன்ன கப்பலின் கதை அதற்கும் பிறகே எனக்குப் பிடிபட்டது. ஓய்வுபெற்றபின் வாசித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது, உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாத் தீவின் சின்கோனாப் பட்டையிலிருந்து வந்தது என்று. அந்த ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போனது அதே 1942இல்தான். நீலகிரியிலும் சின்கோனா உண்டு, ஆனால் தேவைக்குப் போதவில்லை. இருந்ததில் பட்டாளத்துக்குப் போனது போக மிச்சம், ஒரு தோட்டத்து லயன் வரை வருமா? அரிசியை நிறுத்திய யுத்தமே மருந்தையும் நிறுத்தியிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாமல் போயிற்று. மலைக்காற்றையும், கிளம்பிப் போன தன் அம்மாவையும் அவள் அறுபது வருஷத்துக்கு மேல் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சியே தன்னைத்தான் குறைசொல்லிச் செத்தாள்.

யுத்தம் முடிந்து டிடிடி வந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்குள் மருந்தடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போவார்கள். அந்தத் தேதியை அம்மா வெள்ளையடிக்கும்போதும் அழிக்க விடமாட்டாள்.

இந்த முறை பாலத்தடியில் வேனை நிறுத்தினோம். பழைய மீட்டர்கேஜ் 2010இல் நின்று, அகலப்பாதையாகி, 2018இலிருந்து கொல்லத்துக்கு முழுதாக ரயில் ஓடுகிறது. பேரன் கண்களை எண்ணி, பதிமூன்று சரிதான் என்றான். பேத்தி தூங்கிவிட்டாள். சிவகிரி நாட்டுமருந்துக் கடையில் நான் வாங்கிய வசம்பு என் பையிலேயே இருந்தது. கட்டலாமா என்று மகளைக் கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி, தூங்குகிற பிள்ளையின் கையில் அவளே கட்டினாள்.

உங்கள் வீட்டிலும் புனலூர், கழுதுருட்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர்கள் இருந்தால், இருக்கிற பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எனக்கு எழுதுங்கள். எந்த வருஷம், எந்தத் தோட்டம், யார் யார் திரும்பி வந்தார்கள். நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.