தலையில் அடி: ஸ்கேனில் சிக்காத காயத்தின் கதை

தை பிறந்தால் எங்கள் சிவகங்கைப் பக்கம் சிராவயல் மஞ்சுவிரட்டுதான் பேச்சு. மாடு முட்டிக் காயம் பட்டவர்கள் எத்தனை பேர் என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். சைக்கிளிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்து தலையில் அடிபடும் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறோம். ஆனால் சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் தலைவலி இருக்கும், வெளிச்சம் கூசும், பாடம் மனதில் நிற்காது. சோம்பேறி என்று திட்டு வேறு விழும்!

அப்படியானால் ஸ்கேன் பொய் சொல்கிறதா? இல்லை. அது பார்ப்பது வேறு, நாம் கேட்பது வேறு. கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

மண்டை உடையாமலே மூளையின் வேலை தற்காலிகமாகக் கெடலாம் என்று சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக மருத்துவர் அல் ராஸி எழுதி வைத்தார். இதைத்தான் இன்று கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்கிறோம். நம் நாட்டில் மூளை அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கினார்கள். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. நோயாளியின் நினைவு, கண்மணி, கை கால் அசைவு இவற்றை மணிக்கொரு தரம் கவனிப்பதுதான் பெரிய பரிசோதனை. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு கண்ணுக்குத் தெரிந்தது. அதிர்வு மட்டும் தெரியவில்லை.

ரத்தத்தில் தெரியுமா என்று தேடினார்கள். 1965-ல் கண்டறியப்பட்ட எஸ்100 புரத வகையில் ஒன்றான எஸ்100பி, தலையில் அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிறது. ஆனால் அது கொழுப்பிலும் குருத்தெலும்பிலும்கூட உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம். எனவே அந்த அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2018-ல் ஜிஎஃப்ஏபி, யூசிஎச்-எல்1 என்ற இரண்டு புரதங்களை அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுவும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய மட்டும். பிள்ளை எப்போது தேறும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்கு ஓரளவு அருகில் வந்தது 2016-ல் கனடாவில் சுமார் 3000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து உருவாக்கிய 12 மதிப்பெண் பட்டியல். வயது, ஆணா பெண்ணா, முன்பு அடிபட்டதுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, பதில் சொல்லத் தாமதிக்கிறதா, தள்ளாடுகிறதா, சத்தம் பிடிக்கவில்லையா... இவ்வளவுதான். ஊசி கிடையாது, மிஷின் கிடையாது. ஆனாலும் டாக்டர்களின் ஊகத்தைவிட இது நன்றாகவே கணித்தது. அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய 10-ல் 3 பேருக்கு ஒரு மாதம் கழித்தும் தொந்தரவு இருந்தது.

ரத்தப் பரிசோதனை ஒருநாள் வரலாம். அதுவரை காரைக்குடியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் பிள்ளையிடம் கேட்பதும் கவனிப்பதும்தான் வழி. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம். முழுவதும் தேறும்வரை விளையாட்டு மைதானம் வேண்டாம். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.