ஹோலி அவெஞ்சர்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) என்னும் அமெரிக்கப் பாத்திரமேற்பு விளையாட்டில், பாலடின் எனப்படும் அறவீரனுக்கு உரிய வாள். தன்னைச் சூழ்ந்த மந்திரத்தை முறிப்பது முற்காலப் பதிப்புகளில் இதன் தனித்தன்மை.

முன்வடிவங்கள்: பிரெஞ்சுக் காவிய நாயகன் ரோலாந்தின் வாளான துராந்தாலின் பிடியில் புனித பேதுருவின் பல் முதலிய திருப்பண்டங்கள் இருந்தன. ஆனால் மந்திர முறிப்பில் இதைவிட நெருங்கியது, இத்தாலியக் கவிஞர் பொயார்தோ கூறும் பலிசார்தா. ஆயுதம் தீண்டாத ஓர்லாந்தோவை (ரோலாந்தின் இத்தாலிய வடிவம்) கொல்வதற்கென்றே சூனியக்காரி ஃபலெரீனா வடித்த அந்த வாள், கடைசியில் ஓர்லாந்தோவின் கைக்கே போனது. அவனிடமிருந்து புருனெல்லோ என்னும் திருடன் அடித்துச் சென்றான். விளையாட்டின் பாலடினுக்குப் போல் ஆண்டர்சனின் ‘மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்’ புதினமே தூண்டுதல் என்பது பரவலான கருத்து. விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் தந்த வாசிப்புப் பட்டியலில் அந்நூல் உண்டு. வாளுக்கும் அதுவே மூலமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

முதற்பதிப்பு: பாலடின் 1975-இல் ‘கிரேஹாக்’ துணைநூலில் அறிமுகமானான். புனித வாள் ஏந்தியவனை மந்திரம் ஏறக்குறைய தீண்டாது என அந்நூல் சுருக்கமாக முடித்துவிட்டது. 1979-இல் வந்த நடத்துநர் கையேடுதான் கணக்கை வகுத்தது. மற்றவர் கையில் இது, தாக்குதலிலும் சேதத்திலும் 2 கூட்டும் வெறும் +2 வாள். பாலடின் கையில் +5. அவனைச் சுற்றி 5 அடிக்குள் 50 சதவீத மந்திர எதிர்ப்பு, மந்திர நீக்கம். ஒழுங்கற்ற தீய எதிரிகளுக்குக் கூடுதலாக 10 புள்ளிச் சேதம். இந்தக் கடைசி விதியில் ஒரு சுவை உண்டு. பேய்க்குலத்தில் ஒழுங்கற்ற வகைக்கு அந்த 10 புள்ளி விழும். அதே அளவு கொடிய, ஆனால் ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட நரகவாசிகள் தப்பிவிடுவார்கள்.

இத்தனை வலிமைக்கு விலை வாளில் இல்லை, ஆளில் இருந்தது. பாலடினாகக் கவர்ச்சிப் பண்பு குறைந்தது 17 வேண்டும். மூன்று பகடையை ஒருமுறை உருட்டினால் 216-இல் 4 வாய்ப்பே. 10 மந்திரப் பொருள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வருவாயில் பத்திலொன்று தானம், தெரிந்து ஒரு தீச்செயல் செய்தால் பட்டமே போய்விடும். சமநிலைக்கு இது போதுமா என்ற வாதம் ஓயவில்லை. இரு நூல்களும் ஒத்துப்போகாதது குழப்பத்தைக் கூட்டியது: 1978-இன் ஆட்டக்காரர் கையேடு பகை மந்திரத்தை மட்டும் முறிக்கும் என்றது, நடத்துநர் கையேட்டில் அந்த வரம்பு இல்லை. பின்னதை எழுத்துக்கு எழுத்து கொண்டால் தோழனின் காப்பு மந்திரமும் கலையும். நடத்துநர்கள் பலவாறு தீர்ப்பளித்தனர்.

பிற்காலம்: 1989-இன் இரண்டாம் பதிப்பு மந்திரம் முறியும் வட்டத்தை 30 அடி விட்டமாக்கியது. மூன்றாம் பதிப்பில் மந்திர எதிர்ப்பு பாலடினின் நிலையைப் பொறுத்து உயர்ந்தது. அதன் 2003 திருத்தத்தில் விலை 1,20,630 பொற்காசு. நான்காம் பதிப்பிலும் (2008) இவ்வாள் உண்டு. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் மந்திரம் முறிவதில்லை: வாள் +3 ஆனது, பாலடினும் 10 அடிக்குள் நிற்கும் தோழர்களும் மந்திரத்தைத் தாங்க இருமுறை பகடை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளலாம். 2024 திருத்தப் பதிப்பிலும் இது இடம்பெறுகிறது.